உங்களுக்குத் தெரியுமா? ஆறு பேர் போதும்!

அமெரிக்கக் கால்பந்துக்கு அணிக்கு 11 பேர் வேண்டும். மாணவர் குறைந்த கிராமத்துப் பள்ளிகள் எங்கே போகும்? நெப்ராஸ்கா மாநிலத்தின் செஸ்டர் ஊரில் ஆசிரியராக இருந்த ஸ்டீபன் எப்ளர், 1934இல் ஆறு பேர் ஆட்டத்தை வகுத்துக் கொடுத்தார். அருமையான யோசனை! அதே ஆண்டு அம்மாநிலத்தின் ஹீப்ரன் ஊரில் நடந்த முதல் ஆட்டம் 19-19 எனச் சமனில் முடிந்தது.

மைதானம் 80 கெஜ நீளம், 40 கெஜ அகலம். ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பாஸ் பிடிக்கலாம். தடுக்க ஆள் குறைவு என்பதால், ஒருவரை ஏமாற்றிக் கடந்தாலே பல நேரம் டச் டவுன்தான் (எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது). அதன்பின் பந்தை உதைத்துக் கோல் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் 2 புள்ளி. 11 பேர் ஆட்டத்தில் இதற்கு 1தான். டச் டவுன் இல்லாமலே ஆட்டத்தின் நடுவில் அப்படி உதைத்து அனுப்பும் ஃபீல்டு கோலுக்கு 4. இதனால் பெரிய முன்னிலைகூட மளமளவென்று கரைந்துவிடும். இடைவேளையிலோ அதற்குப் பிறகோ புள்ளி வித்தியாசம் 45ஐத் தொட்டால் மட்டும் ஆட்டம் அத்தோடு நிறுத்தப்படும்.