இன்னும் எத்தனை கிலோமீட்டர்?

மின்சாரக் காரில் ஓட்டுநரின் கண் அடிக்கடி தேடுவது வேகமானியை அன்று. 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்னும் எண்ணையே. 2010-இல் நிஸான் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'லீஃப்' காரில், அந்த எண்ணுக்கு அமெரிக்க ஓட்டுநர்கள் 'ஊகமானி' எனப் பொருள்படக் கேலிப்பெயரே சூட்டிவிட்டனர்!

சற்றுமுன் செலவான மின்சாரத்தைக் கொண்டே கார் இனி ஓடும் தூரத்தைக் கணிக்கிறது. ஆகவே மேட்டில் ஏறினால் எண் மளமளவெனச் சரியும். இறக்கத்தில் மீண்டும் உயரும். குளிர்நாடுகளில், நடுவழியில் நின்றுவிடுவோமோ என்றஞ்சி, நடுங்கிக்கொண்டே சூடேற்றியை அணைத்தவர்களும் உண்டு.

முதலில் மின்னிருப்பு 12 கோடுகளாக மட்டுமே தெரிந்தது. 2013 மாடலில் சதவீதமும் சேர்ந்தது. நமக்கு இதுவே மேலெனத் தோன்றுகிறது. இருப்பை மட்டும் அது சொல்கிறது. முன்னே இருப்பது மேடா, சமவெளியா என்பதை ஓட்டுபவர் அறிவாரல்லவா?