மாடு குறட்டை விடுதா? குட்டையில இருக்குற நத்தையைக் கவனிங்க!

ராத்திரியில் மாட்டுக் கொட்டகையிலிருந்து 'கொர்... கொர்...' என்று சத்தம் வந்தால், மாடு அசந்து தூங்குகிறது என்று விட்டுவிடாதீர்கள். பகலிலும் அதே சத்தம், மூக்கில் சளி, சில நேரம் ரத்தம் என்றால் அது 'குறட்டை நோய்' ஆக இருக்கலாம்.

திருத்தணி பக்கம் பொதட்டூர்பேட்டை மாதிரி ஊர்களில் தறிச் சத்தத்துக்கு நடுவே மாடும் வளர்க்கிறார்கள். மேய்ந்து வரும் மாடு ஏரி, குட்டையில் இறங்கித்தான் தண்ணீர் குடிக்கும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இந்த நோய்க்குக் காரணம், மாட்டின் மூக்கு ரத்தக்குழாயில் வாழும் 'சிஸ்டோசோமா நசாலே' என்ற தட்டைப்புழு. 1933-ல் மெட்ராஸ் மாகாண மாடுகளை ஆராய்ந்து இதை விவரித்தவர் எம்.ஏ.என்.ராவ். மூக்குக்குள் காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்து மூச்சை அடைக்கும். எருமைக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. ஆனால், அதுவும் நோயைப் பரப்பும்.

மாட்டிலிருந்து மாட்டுக்கு இது நேராகத் தொற்றாது. சளியோடு தண்ணீரில் விழும் முட்டை பொரிந்து, தட்டையாகச் சுருண்ட ஓடு கொண்ட ஒரு குளத்து நத்தைக்குள் புழுக்குஞ்சு நுழைகிறது. உள்ளே பல மடங்கு பெருகி வெளியே நீந்தி வந்து, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைக்கிறது.

நத்தையின் கதி இன்னும் பரிதாபம். இந்த வகைப் புழு பிடித்த நத்தை சாகாது, மேயும், ஊரும். ஆனால், முட்டையிடுவது நின்றுவிடும். தின்பதெல்லாம் புழுவுக்கே!

நத்தையும் லேசுப்பட்டதல்ல. புழு நுழைந்ததும், மலடாவதற்குள் வழக்கத்தைவிட அதிக முட்டைகளை அவசரமாக இட்டுவிடுகிறது ஒரு குளத்து நத்தை இனம். 1981-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

கடலோர நத்தைகளும் தப்பவில்லை. ஜப்பானில் கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றுக் கரையில், புழு பிடித்த நத்தைகள் பெரிதாக வளர்ந்து தாழ்வான பகுதிக்கு நகர்ந்துவிடுகின்றன. புழு அடுத்துக் குடியேற வேண்டிய மீன்கள் இருப்பது அங்கேதான்!

நம்மூர்க் குட்டை நத்தையை மருந்தடித்து ஒழிப்பதும் சுலபமில்லை. ஆண், பெண் இரண்டும் ஒரே உடலில் என்பதால், ஒற்றை நத்தை மிஞ்சினாலே போதும். குட்டை வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். வாத்து விட்டால் ஓரளவு தின்று குறைக்கும். அதைவிட, மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டுவது நல்லது.

சந்தேகம் இருந்தால் மூக்குச் சளியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மைக்ராஸ்கோப்பில் பூமராங் மாதிரி வளைந்த முட்டை தெரிந்தால் அதுதான். மருந்து இருக்கிறது.