நிலத் தகராறில் மூன்றாம் தரப்பு

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் நஞ்சை நிலம் கைமாறும்போதெல்லாம் பழைய மனத்தாங்கல் ஒன்று தலைதூக்குகிறது. பரம்பரை வயல்களைப் புதுப்பணக்காரர்கள் மனைகளாக்கிவிட்டனர் என்று பழைய மிராசு குடும்பங்கள் வருந்துகின்றன. கேட்ட விலையைக் கொடுத்துத்தானே வாங்கினோம் என்கின்றனர் வாங்கியவர்கள். இதனைப் பண்பாட்டுக்கும் பணத்துக்கும் இடையிலான மோதலாகச் சித்திரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிரயப் பத்திரம் இரு தரப்பும் ஒப்பாமல் பதிவாவதில்லை.

பழைய உடைமை தளர்ந்த விதத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஊற்றுமலை, சிவகிரி முதலிய ஜமீன்களுக்கு முடிவு கட்டியது. ஆயினும், பண்ணை நிலங்களுக்கு ஜமீன்தார்களே பட்டா பெற அச்சட்டம் இடமளித்தது. 1961-இல் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என உச்சவரம்பு விதிக்கப்பட்டு, 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. அடுத்த தலைமுறையினர் படித்து நகரங்களுக்குச் சென்றபின், ஊரில் எஞ்சிய வயல் பலருக்கு விற்பனைக்குரிய சொத்தாகிவிட்டது.

இந்த வழக்கில் பேசப்படாதவர் குத்தகை விவசாயி. வெளியேற்றத்திலிருந்து அவரைக் காக்க 1955-இலும், நியாயமான குத்தகையை வரையறுக்க 1956-இலும், அவருடைய உரிமையைப் பதிவு செய்ய 1969-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால், வாய்மொழியை நம்பி உழுபவரின் பெயர் பதிவேட்டில் இருப்பதில்லை. நிலம் விற்கப்படும் நாளில், பல்லாண்டு உழைப்புக்கு அவரிடம் சான்று ஏதுமில்லை.

அடுத்த இழப்பு தண்ணீர். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, அணைக்கட்டுகளாலும் கால்வாய்களாலும் குளங்களை நிரப்புகிறது. ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்கு நீர் செல்லும் அமைப்பில், மனைப்பிரிவு ஒன்று ஓடையை அடைத்தால் பல கல் தொலைவில் உள்ள வயலும் காயும். குற்றாலப் பகுதியில் இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவிகளை அமைத்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட நேர்ந்தது. பணத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அதுவே சான்று.

நஞ்சையை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. அந்த இசைவுக்கு முன்பாக, அந்நிலத்தில் உழுபவர் யார் என்பதை நேரில் விசாரித்துக் குத்தகைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். கிராம வரைபடத்தில் உள்ள ஓடை தரையிலும் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். 2019-இல் தனி மாவட்டமாகிய தென்காசியின் நிர்வாகத்துக்கு இது இயலாத காரியமன்று. பழைய குடும்பம் நிலத்துக்கு விலை பெறுகிறது; புதிய முதலாளி லாபம் பெறுகிறார். வயலையும் வாய்க்காலையும் நம்பி வாழ்பவருக்கு இவ்விரு தரப்பிலும் இடமில்லை. அரசு அவர் பக்கம் நிற்பதே முறை.