இரண்டாவது துவிச்சக்கரவண்டி

ஒரு வீட்டில் ஒரு துவிச்சக்கரவண்டி இருக்கையில் இரண்டாவதொன்றை வாங்க எண்ணுவது ஆடம்பரம் என்று முன்னாளிற் கருதப்பட்டது. இன்று அவ்வாறு கூறுதல் பொருந்தாது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் வாகனங்கள் பெற்றோல் நிலையங்களின் முன்னே நீண்ட வரிசைகளிற் காத்துக்கிடந்தபோது, மூலையிற் சாய்த்து வைக்கப்பட்டிருந்த சைக்கிள்கள் தூசி தட்டப்பெற்று மீண்டும் வீதிக்கு வந்தன. வடபுலத்தாருக்கு அது புதிய பாடமன்று. 1990களில் எரிபொருள் அரும்பொருளாயிருந்த காலத்தில், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், விறகையும் நெல்மூட்டையையும் சுமந்ததும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற் கொண்டுபோய் விட்டதும் அந்த இரண்டு சில்லுகளே.

ஆயினும், தேவை உணரப்படும் அளவுக்குத் தெரிவு ஆராயப்படுவதில்லை. கடைக்குச் செல்பவர் நிறத்தையும் பளபளப்பையும் கண்டு மயங்குகிறார். பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். சில மாதங்களுக்குள் அது சுவரோரத்திற் சாய்ந்துவிடுகிறது. இரண்டாவது வண்டி எதற்காக? முதல் வண்டி செய்யமாட்டாத வேலையைச் செய்வதற்காக. அந்த வேலை இன்னதென்று தெளிந்துகொண்டால் தெரிவின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, வன்னியில் ஓர் இளம் ஆசிரியரை எண்ணிப் பார்க்கலாம். அவர் வீட்டிலிருந்து பாடசாலை 9 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. முதல் 6 கிலோமீற்றர் தார்வீதி. அடுத்த 2 கிலோமீற்றர் கிரவற் பாதை. எஞ்சிய 1 கிலோமீற்றர் குளக்கட்டின் அடியாற் செல்லும் ஒற்றையடிப் பாதை. அது கோடையிற் புழுதிமணல், மாரியிற் களிச்சேறு. அவரிடம் தந்தையார் பாவித்த உயரமான பழைய சைக்கிள் ஒன்று உண்டு. தார்வீதியில் அது நன்றாகவே ஓடுகிறது. கிரவலிற் கை அதிர்கிறது. மாரி பிறந்தாலோ, சேறு மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் அடைத்துச் சில்லைச் சுழலவிடாது தடுக்கிறது. அப்போது அவர் செருப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு வண்டியைத் தோளிற் சுமக்கிறார். வகுப்பிற் பிள்ளைகள் காத்திருக்கின்றனர்; முதலாம் மணி அடித்து முடிகிறது. அவர் இழப்பது சிறிது நேரம் மட்டுமன்று. பிள்ளைகளின் முதற் பாடமும் அதனோடு போகிறது.

இத்தகைய ஒருவர் கடைக்குள் நுழைந்தால் இரண்டு மயக்கங்கள் அவரை எதிர்கொள்ளும். ஒன்று, மெல்லிய ரயரும் வளைந்த கைபிடியும் கொண்ட பந்தயச் சைக்கிள். அது தார்வீதியிற் பறக்கும், மணலிற் புதையும். மற்றையது, முன்னும் பின்னும் சுருள்வில் பூட்டிய பருத்த மலைச் சைக்கிள். அது சேற்றைக் கண்டு அஞ்சாது. ஆனால் 6 கிலோமீற்றர் தார்வீதியில் நாள்தோறும் காலை வருத்தும். ஒன்று பயணத்தின் ஒரு பாதிக்கு மட்டும் ஆகும்; மற்றையது மறுபாதிக்கு மட்டும் ஆகும். வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்டது.

மலைச் சைக்கிள் பிறந்த வரலாறு இவ்விடத்திற் பயன்தரும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதியில் இளைஞர் சிலர் பழைய பாரமான சைக்கிள்களை மலைச்சரிவுகளிற் செலுத்தி விளையாடினர். அவை பத்திரிகை விநியோகிக்கும் சிறுவர்கள் ஒருகாலத்திற் பாவித்த வகையின. இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள ரயர்களைக் கொண்டவை. 1976இல் அங்கே தொடங்கிய மலையிறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபாக்’ என்று பெயர் வந்தது. இறக்கத்திற் பிறேக் சூடேறிப் பின்சில்லின் குடத்திலிருந்த கிறீஸ் எரிந்துபோக, ஒவ்வொரு முறையும் புதுக் கிறீஸ் அடைக்கவேண்டியிருந்தமையே அப்பெயருக்குக் காரணம். 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் அவ்விளையாட்டுக்கென்றே புதிய சட்டகம் ஒன்றை ஆக்கினார். அவ்வண்டிகளிற் சுருள்வில் கிடையாது. அது பரவலாக வந்தது 1990களிலேயே. கல்லையும் மணலையும் கடக்க அவர்களுக்கு முதலில் உதவியவை அகன்ற ரயரும், உறுதியான சட்டகமும், நல்ல பிறேக்குமே.

இதிலிருந்து தெரிவுக்குரிய முறை ஒன்று கிடைக்கிறது. சைக்கிளில் மாற்றக்கூடியவை சில, மாற்றமுடியாதவை சில. ரயர், ஆசனம், மிதி, கைபிடி என்பவற்றைப் பின்னர் சிறுசெலவில் மாற்றிக்கொள்ளலாம். பிறேம் எனப்படும் சட்டகத்தை மாற்றமுடியாது. ஆகவே வாங்குபவர் முதலிற் பார்க்கவேண்டியது சட்டகத்தையே. கடைக்காரர் முதலிற் காட்டுவதோ பெரும்பாலும் மற்றவற்றையே.

சட்டகத்தில் நோக்கவேண்டியவை மூன்று. முதலாவது அளவு. வண்டியின் மேற்குழாயின் குறுக்கே இரு பாதங்களையும் நிலத்தில் ஊன்றி நின்றால், உடம்புக்கும் குழாய்க்கும் இடையே நான்கு விரல் அளவேனும் இடைவெளி இருத்தல் வேண்டும். கரடுமுரடான இடத்திற் சட்டென்று காலூன்ற நேருமன்றோ? பின்னர் ஆசனத்தில் அமர்ந்து, குதிக்காலை மிதியின் மேல் வைத்து, அதனை அடிமட்டத்துக்குக் கொண்டுசென்றாற் கால் முழுமையாக நீளவேண்டும். அவ்வாறாயின், பாதத்தின் முற்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். ஆசனம் தாழ்ந்தால் முழங்கால் நோகும்; மிக உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும்.

இரண்டாவது, ரயருக்குரிய இடைவெளி. பின்கவட்டிலும் முன்கவட்டிலும் ரயரின் இருபுறமும் ஒரு சிறுவிரல் தாராளமாக நுழையவேண்டும். மட்காட் பூட்டிய பின்னரும் ரயருக்கு மேலே அவ்வளவு இடம் எஞ்சவேண்டும். இந்த இடைவெளி இல்லாத வண்டிக்கு எவ்வளவு நல்ல ரயரை வாங்கினாலும் பூட்டமுடியாது. பூட்டினாலும் மாரிச் சேறு அதனை நிறுத்திவிடும்.

மூன்றாவது, துளைகள். பின்னச்சின் அருகிலும் ஆசனத்தின் கீழும் கரியரையும் மட்காட்டையும் பூட்டுவதற்குத் திருகாணித் துளைகள் உண்டா என்று குனிந்து பார்த்தல் வேண்டும். விளையாட்டுக்காக மட்டும் செய்யப்பட்ட வண்டிகள் பலவற்றில் இவை இருப்பதில்லை. புத்தகப்பையையும் மழைச்சட்டையையும் சோற்றுப்பெட்டியையும் முதுகிற் சுமந்துகொண்டு நாள்தோறும் 18 கிலோமீற்றர் ஓடுவது எளிதன்று.

அடுத்தது ரயர். மெல்லியதும் கடினமுமான ரயரே விரைவானது என்று பலரும் நம்புகின்றனர். மழமழப்பான வீதியில் அது ஓரளவு மெய். கரட்டுப் பாதையில் மெய்யன்று. பின்சில்லின் மீது 54 கிலோகிராம் பாரம் விழுகிறது என்று கொள்ளலாம். ரயரிற் காற்று சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் எனின், அது நிலத்தில் ஏறக்குறைய 13 சதுர சென்ரிமீற்றர் பரப்பிற் படியும். காற்றை 30 இறாத்தலாகக் குறைத்தால் அப்பரப்பு ஏறக்குறைய 26 ஆகும். பரப்பு இரட்டித்தால் மணலிற் புதைவது குறையும். கடினமான ரயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் மனிதரையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அதிற் செலவாகும் வலிமை முன்னே செல்வதற்கு உதவாது. மென்மையான ரயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருளும். ஆனால் மெல்லிய ரயரிற் காற்றைக் குறைத்தால் ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கிக் கிழியும். ஆதலால் காற்றைக் குறைக்க விரும்புபவருக்கு அகலம் இன்றியமையாதது.

பழைய 28 அங்குலச் சைக்கிளின் ரயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர் அகலமுடையது. இலங்கையின் ஒழுங்கைகளில் அவ்வண்டி இத்தனை காலம் ஈடுகொடுத்ததற்கு அந்த அகலமும் ஒரு காரணம். இரண்டாவது வண்டிக்கு 45 முதல் 50 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள ரயர் நன்று. அதன் நடுப்பகுதி ஏறக்குறைய மழமழப்பாகவும், இருபுறமும் சிறு குமிழ்கள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். நடுப்பகுதி தாரில் ஓசையின்றி உருளும். மணலிலும் சேற்றிலும் புதையும்போது புறக்குமிழ்கள் பிடிமானம் தரும்.

கியர் மலைநாட்டாருக்கே வேண்டியது, சமநிலத்தாருக்கு எதற்கு என்று கேட்பாரும் உளர். வல்லை வெளியில் எதிர்காற்றுக்கு முகங்கொடுத்து மிதித்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். கணக்கு எளியது. பழைய சைக்கிளில் முன் பற்சில்லுக்கு 44 பற்களும் பின்னதற்கு 18 பற்களும் இருந்தால், மிதியை ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 5.4 மீற்றர் செல்லும். முன்னும் பின்னும் 32 பற்கள் உள்ள கியரில் அதே அளவுச் சில்லு 2.2 மீற்றர் மட்டுமே செல்லும். தூரம் குறையும், ஆனால் காலுக்கு வேண்டிய வலிமையும் பாதிக்குக் கீழே குறையும். மணலில் வண்டி நிமிர்ந்து நிற்பதற்கு இடையறாத மெல்லிய மிதிப்பு வேண்டும். பாரமான ஒற்றைக் கியரில் ஓங்கி ஓங்கி மிதித்தால் முன்சில்லு திரும்பி ஆளை வீழ்த்திவிடும். கியர்களின் எண்ணிக்கை பெரிதன்று. 21 என்றும் 24 என்றும் எழுதியிருப்பதைக் கண்டு வியக்கவேண்டியதில்லை. மிகச் சிறிய கியர் முன்னும் பின்னும் சமமான பற்களை உடையதா என்பதே கேட்கத்தக்க வினா. நுவரெலியாத் தோட்டப்பாதைகளில் ஏறுபவருக்கு அதனினும் சிறியது வேண்டும்.

பிறேக்கைப் பற்றிச் சிக்கனம் பாராட்டலாகாது. பழைய சைக்கிளிற் கம்பியால் இயங்கும் பிறேக், முலாம் பூசிய உருக்கு றிம்மின் மீது இறப்பர்க் கட்டையை அழுத்துகிறது. உருக்கு நனைந்தவுடன் அந்தப் பிடி பெரிதும் தளர்ந்துவிடும்; மழைநாளில் வண்டி நிற்க நெடுந்தூரம் வேண்டியிருப்பது அதனாலேயே. அலுமினிய றிம் நனைந்தபோதும் இதைவிட நன்றாகப் பிடிக்கும். சில்லின் நடுவே தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிறேக் சேற்றுக்கு மேலும் உகந்தது. றிம் சிறிது கோணினும் அதற்குக் கேடில்லை. அதிலும் எண்ணெயால் இயங்குவதைவிடக் கேபிளால் இயங்குவதே கிராமத்துக்கு ஏற்றது. கேபிள் அறுந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் புதியது போட்டுக்கொள்ளலாம்.

மலிவான வண்டிகளிற் காணப்படும் சுருள்வில் முன்கவடு கண்ணுக்கு அழகு, பாரம் மிகுந்தது. ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது அது காலின் வலிமையிற் பங்கைத் தானே விழுங்கும். சேறும் உப்புக்காற்றும் பட்டு இறுகிவிட்டால் வில்லின் பயனும் போய்ப் பாரம் மட்டும் எஞ்சும். வேலைக்கும் கரட்டுப் பாதைக்கும் சேர்த்து வாங்குபவருக்கு வில்லில்லாத உருக்கு முன்கவடே போதும்.

விலையை எண்ணிக் கலங்குவோருக்கும் வழி உண்டு. 1990களில் ஆக்கப்பட்ட, சுருள்வில் இல்லாத 26 அங்குல மலைச் சைக்கிள்கள் பாவித்த வண்டிகளாகக் கிடைக்கின்றன. அவற்றின் சட்டகத்தில் அகன்ற ரயருக்கு இடமும், பலவற்றிற் கரியருக்குத் துளைகளும் உண்டு. வாங்குமுன் சில சோதனைகள் வேண்டும். முன்கவட்டின் மேலே, கீழ்க்குழாய் தலைக்குழாயைச் சேருமிடத்திற் பூச்சு சுருங்கியோ வெடித்தோ இருப்பின், அவ்வண்டி எதன்மீதோ மோதியிருக்கலாம்; அதனை விட்டுவிடுதல் நன்று. சில்லைச் சுழற்றி றிம் ஆடுகிறதா என்று பார்க்கவேண்டும். பின்பு அடிமட்டத்தை எடுத்துச் சங்கிலியை அளக்கவேண்டும். புதிய சங்கிலியில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே சரியாக அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் 12 அங்குலமாகும். அவை பதினாறில் ஓர் அங்குலம் கூடியிருந்தாற் சங்கிலியை மாற்றவேண்டும். எட்டில் ஓர் அங்குலம் கூடியிருந்தாற் பற்சில்லுகளும் தேய்ந்திருக்கும். அச்செலவை விலையிற் கழித்துப் பேசவேண்டும். விரலுக்குத் தக்க வீக்கம் என்ற பழமொழி இங்கே நல்ல வழிகாட்டி.

இன்னும் ஒன்று. வண்டி பழுதாவது கடைவீதியிலன்று, குளக்கட்டின் நடுவிலேயே. புதிய வண்டியின் வால்வு மோட்டார் வாகன வகையினதாயின், பழைய சைக்கிளின் பம்ப் அதற்குப் பொருந்தாது. பொருத்தமான பம்ப், ஒட்டுப்போடும் பொருள்கள், ரயர் கழற்றும் நெம்பு இரண்டு ஆகியவற்றை வண்டியோடு சேர்த்தே வாங்குதல் வேண்டும். ரயரும் ரியூபும் அருகிலுள்ள பட்டினத்திற் கிடைக்கும் அளவினவா என்பதையும் விலை கொடுக்கும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மேற்கூறிய ஆசிரியர் இம்முறையிற் சிந்திப்பாராயின் அவர் தெரிவு கடினமன்று. உருக்குச் சட்டகம், வில்லில்லாத முன்கவடு, 26 அங்குலச் சில்லு, இரண்டு அங்குலத்தை அணுகும் ரயர், சமப் பற்களில் முடியும் கியர், உயர்த்திப் பூட்டிய மட்காட், புத்தகங்களுக்கு ஒரு கரியர், இருட்டுவதற்கு முன்னரே ஏற்றிவிடும் விளக்கு. தந்தையாரின் பழைய சைக்கிளை அவர் விற்கவேண்டியதில்லை. நெல்லை ஆலைக்குக் கொண்டுசெல்லவும் சந்தைக்குப் போய்வரவும் அதற்கு நிகர் வேறில்லை. மாரி பிறந்த பின்னும் குளக்கட்டின் அடியாற் செல்லும் பாதையில் அவர் வண்டி அவரைச் சுமந்து செல்லும். அவர் வண்டியைச் சுமக்கவேண்டியதில்லை. முதலாம் மணி அடிக்கும்போது அவர் வகுப்பறை வாசலில் நிற்பார்.