வைஃபை சிக்னல் ஃபுல்... ஆனா நெட் வரலையா? தப்பு எங்கேன்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி!

இரவு மணி 11.20. தேர்வுக்கு விண்ணப்பிக்க 11.59 வரைதான் நேரம். கட்டணம் செலுத்தும் பக்கத்தில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. மேலே பார்த்தால் வைஃபை சிக்னல் என்னவோ ஃபுல். ‘சிக்னல் இருக்கே, அப்புறம் ஏன் வரலை?’ என்று ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறோம். அதிலேயே ஐந்து நிமிடம் போயிடுது.

இந்தப் பதற்றத்துக்கு முக்கியக் காரணம், வைஃபையும் இன்டர்நெட்டும் ஒண்ணுதான் என்று நாம் நினைப்பது. உண்மையில் இரண்டும் வேறு வேறு.

வைஃபை எதுவரை?

வைஃபை என்பது உங்கள் போனுக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இடையிலான ரேடியோ இணைப்பு மட்டுமே. வீட்டையும் அதை ஒட்டிய கொஞ்ச தூரமும்தான் அதன் எல்லை. அந்தக் கோடுகள் காட்டுவதும் இந்தத் தூரத்தின் பலத்தை மட்டும்தான்.

வீட்டுக் குழாயை நினைச்சுக்கோங்க. குழாய் நல்லாத்தான் இருக்கு, மேல் தொட்டியும் இருக்கு. ஆனா தெரு லைன்ல தண்ணியே விடலைன்னா? ‘சிக்னல் ஃபுல், நெட் இல்லை’ என்பதும் பெரும்பாலும் அப்படித்தான். ரவுட்டருக்கு வெளியே செல்லும் ஃபைபர் கேபிளிலோ, அதற்கும் அப்பாலோ சிக்கல் இருக்கலாம்.

போனுக்கு முகவரி கொடுப்பது யார்?

போன் வைஃபையில் இணைந்ததும் ரவுட்டர் அதற்கு ஒரு ஐபி முகவரி தரும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உங்கள் வீட்டில் இருக்கும் அதே எண் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். எல்லா அபார்ட்மென்ட்டிலும் ஒரு ‘எஃப் 2’ வீடு இருப்பது போலத்தான். வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண் அது.

ஏன் இப்படி? ஐபி முகவரியின் நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான் உண்டு. உலகத்தில் உள்ள எல்லா போன், டிவி, லேப்டாப்புக்கும் அது போதாது. அதனால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் வெளியே ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தப் பதில் எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று ரவுட்டர் கணக்கு வைத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கு குழம்பினால் ரீஸ்டார்ட் பண்ணும்போது சரியாகும். ஆனா கேபிள் அறுந்திருந்தா நூறு தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் பயனில்லை.

பணம் போச்சா, போகலையா?

நாம் அனுப்பும் எதுவும் முழுசாகப் போவதில்லை. சிறு சிறு ‘பாக்கெட்’களாகப் பிரிந்துதான் போகும். ஒரு பாக்கெட்டில் பொதுவாக அதிகபட்சம் 1,500 பைட். 3 எம்பி போட்டோ ஒன்றை அனுப்பினால் அது 2,000-க்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள். வழியில் தொலைந்தவை மறுபடி அனுப்பப்படும்.

இங்கேதான் கவனம் தேவை. நீங்கள் அனுப்பிய கோரிக்கை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பி வராமல் போகலாம். திரையில் வட்டம் சுற்றுகிறது என்பதற்காகப் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை. அதனால் மறுபடி ‘பே’ பட்டனை அழுத்தும் முன், வங்கி எஸ்எம்எஸ் அல்லது யுபிஐ ஆப்பின் ஹிஸ்டரியைப் பாருங்க.

தப்பு அந்தப் பக்கமும் இருக்கலாம்!

இணையதளத்தின் பெயரை நாம் டைப் செய்தாலும், கருவிகளுக்குத் தேவை எண்தான். பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடு டிஎன்எஸ். போனில் இருக்கும் கான்டாக்ட் லிஸ்ட் மாதிரி.

2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? இந்திய நேரப்படி இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால் அந்த நிறுவனத்தின் உள் நெட்வொர்க் துண்டிக்கப்பட்டது. அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்தில் இருந்து மறைந்துபோனது. அன்று இரவு நம் வீட்டு ரவுட்டரில் எந்தத் தப்பும் இல்லை!

அப்போ என்ன செய்யலாம்?

* முதலில் வேறொரு தளத்தைத் திறங்க. அது வந்தால் உங்கள் நெட்டில் சிக்கல் இல்லை. நீங்கள் தேடும் தளத்தில்தான் பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம்.

* எதுவுமே வரலைன்னா, வீட்டில் இன்னொரு போனில் பாருங்க. அதில் வந்தால் தப்பு உங்கள் கருவியில். வைஃபையை அணைத்து மறுபடி இணைத்தால் புது முகவரி கிடைத்துச் சரியாகலாம்.

* எந்த போனிலும் வரலையா? ஃபைபர் பெட்டியின் விளக்கைப் பாருங்க. ‘எல்ஓஎஸ்’ என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால், வெளியில் இருந்து வர வேண்டிய ஒளி வரவில்லை. ரீஸ்டார்ட் பண்ணி நேரத்தை வீணாக்காமல் கேபிள்காரருக்கு போன் போடுங்க. ‘நெட் வரலை’ என்பதைவிட ‘எல்ஓஎஸ் சிவப்பா எரியுது’ என்று சொன்னால் அவருக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

11.20 மணிக்கு இதையெல்லாம் ஆராய நேரமில்லையா? வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்க. லேப்டாப் என்றால் ஹாட்ஸ்பாட். அது டவர் வழியாகப் போகும் வேறொரு பாதை. பணம் போனதா என்று பார்த்துவிட்டு, முதலில் விண்ணப்பத்தை முடிங்க. ரவுட்டரைக் காலையில் பார்த்துக்கலாம்.