திறந்த பேரேடு: வங்கிக்கு வெளியே ஒரு நிதி அமைப்பு

பரவலாக்கப்பட்ட நிதி என்பது வங்கி, தரகர் போன்ற இடையாள் இல்லாமல், பொதுக் கணினி வலையமைப்பில் ஓடும் நிரல்களின் வழியே கடன், வைப்பு, நாணய மாற்று ஆகியவை நடக்கும் முறை. புழக்கத்தில் இதை டீஃபை என்பார்கள். பணத்தை யார் வைத்திருக்கிறார், கணக்கை யார் எழுதுகிறார், விதியை யார் நிறைவேற்றுகிறார் என்று கேட்டால், வழக்கமான முறையில் மூன்றுக்கும் ஒரே பதில்: வங்கி. டீஃபையில் இந்த மூன்றும் பிரிந்துவிடுகின்றன. பணத்தை நகர்த்தும் அதிகாரம் உரியவர் மட்டுமே அறிந்த, கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவியில் இருக்கிறது. கணக்கு, எவரும் திறந்து பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் இருக்கிறது. விதி, நிரலாக எழுதப்பட்டுத் தானே இயங்குகிறது. இந்த முறையின் நன்மைகளும் ஆபத்துகளும் இந்தப் பிரிவிலிருந்தே வருகின்றன.

இந்த முறையின் வேர் 2008 நிதி நெருக்கடியில் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானது. அடுத்த மாதமே, அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயினுக்கான திட்ட அறிக்கை வெளியானது. 2009 ஜனவரியில் அந்தப் பேரேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டபோது, வங்கிகளுக்கு அரசு மீட்புப் பணம் கொடுப்பதைப் பற்றிய லண்டன் நாளிதழ்த் தலைப்பு ஒன்று அதற்குள் பொதிந்து வைக்கப்பட்டது. இந்த முயற்சி எந்தக் கோபத்தில் பிறந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் பிட்காயினால் பணத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அனுப்புவதைத் தாண்டி அதிகம் செய்ய முடியவில்லை. நிபந்தனை நிறைவேறினால் தானே செயல்படும் ஒப்பந்தம் என்ற எண்ணத்தை நிக் சாபோ 1990-களிலேயே முன்வைத்திருந்தார். அதைப் பொதுப் பேரேட்டின் மேல் ஓட வைத்தது, விட்டாலிக் புட்டெரின் முன்மொழிந்து 2015 ஜூலை 30 அன்று தொடங்கிய எத்தீரியம். டீஃபையின் பெரும்பகுதி இன்றும் எத்தீரியத்தின் மேலும், அதையொட்டி அமைந்த துணை வலையமைப்புகளின் மேலும்தான் நிற்கிறது.

முதலில் வேரூன்றிய சேவை கடன். 2017 டிசம்பரில் மேக்கர் என்ற நெறிமுறை (சேர்ந்து இயங்கும் நிரல்களின் தொகுப்பு), டாலருக்கு ஒன்று என்ற மதிப்பில் நிற்க வேண்டிய 'டாய்' நாணயத்தை வெளியிட்டது. நகையை அடகுக் கடையில் வைத்துப் பணம் வாங்குவதைப் போன்றதுதான் இதன் இயக்கம். தொடக்கத்தில், 150 டாலர் மதிப்புள்ள ஈத்தரை (எத்தீரியத்தின் நாணயம்) ஈடாக வைத்தால் 100 டாய் வரை கடன் எடுக்க முடிந்தது. கடனையும் வட்டியையும் திருப்பினால் ஈடு திரும்பும். ஈடின் மதிப்பு வரம்புக்குக் கீழே இறங்கினால், நிரல் அதை ஏலத்தில் விற்றுக் கடனை நேர்செய்துவிடும். சம்பளச் சீட்டு, ஜாமீன்தாரர், மேலாளரின் கையொப்பம் எதுவும் கேட்கப்படுவதில்லை. கடன் கேட்பவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தச் சாதி என்பது நிரலுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் அதற்கு இல்லை.

விதி எல்லோருக்கும் ஒன்றே என்ற இந்தத் தன்மைக்கு 2022-இல் ஒரு கடுமையான சோதனை வந்தது. செல்சியஸ் என்ற அமெரிக்க நிறுவனம், கிரிப்டோ சொத்துகளை வைப்பாகப் பெற்று உயர்ந்த வட்டி தருவதாகச் சொல்லி வந்தது. பெயரில் புதுமை இருந்தாலும் அது டீஃபை அல்ல. வைப்பு நிறுவனத்தின் கையில் இருந்தது, பேரேடு மூடியிருந்தது. 2022 ஜூன் 12 அன்று செல்சியஸ் பணம் எடுப்பதை நிறுத்தியது. உள்ளே எவ்வளவு ஓட்டை என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியவில்லை. அதே நிறுவனம் மேக்கர், ஆவே, காம்பவுண்ட் ஆகிய டீஃபை நெறிமுறைகளிலும் ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. அந்தக் கடன்களில் எவ்வளவு பாக்கி, எந்த விலையில் ஈடு விற்கப்படும் என்பதெல்லாம் பொதுப் பேரேட்டில் நிமிடத்துக்கு நிமிடம் தெரிந்தது. நிரலிடம் தவணை கேட்கவும் முடியாது, வழக்கறிஞரை அனுப்பவும் முடியாது. எனவே செல்சியஸ் அந்த மூன்று கடன்களையும் அடைத்து ஈட்டை மீட்டது. மேக்கரிலிருந்து மட்டும் 40 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள ஈடு திரும்பியது. அதன் பிறகே, ஜூலை 13 அன்று, திவால் மனு போட்டது. வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டியிருந்த சுமார் 470 கோடி டாலர் நீதிமன்றத்தில் நின்றது. வட்டிக் கணக்குகளில் போட்ட சொத்து ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கே சொந்தம் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பும் வந்தது.

ஒரே நிறுவனம், ஒரே நெருக்கடி. மூடிய பேரேட்டை நம்பியவர்கள் வரிசையில் நின்றார்கள். திறந்த பேரேட்டின் வழியே கடன் கொடுத்தவர்களுக்கு முழுத் தொகையும் வந்து சேர்ந்தது. டீஃபையின் மிகப் பெரிய நன்மை வேகமோ வட்டியோ அல்ல, இதுதான்.

மூடிய பேரேடு என்ன செய்யும் என்பது இந்தியருக்கும் தெரியாததல்ல. 2019 செப்டம்பரில் பஞ்சாப்–மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் வாடிக்கையாளர்கள் முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த பெருங்கடனை மறைக்க 21,000-க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் பயன்படுத்தப்பட்டதாக விசாரணையில் வெளிவந்தது. ஆண்டுக்கணக்கில் தணிக்கை நடந்தும் வெளியே தெரியாத விஷயம் அது. டீஃபை நெறிமுறையில் மொத்த வைப்பு எவ்வளவு, மொத்தக் கடன் எவ்வளவு, எந்த முகவரி எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பதை அறியத் தணிக்கையாளரின் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். இணையம் உள்ள எவரும் அந்த நொடியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த நன்மை, பணம் உரியவரின் கட்டுப்பாட்டிலேயே இருப்பது. வங்கியில் போட்ட பணம் சட்டப்படி வங்கிக்குக் கொடுத்த கடன். சாதாரண நாளில் இந்த வேறுபாடு யாருக்கும் உறைப்பதில்லை. 2001 டிசம்பரில் அர்ஜென்டினா அரசு, வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றபோது உறைத்தது. 2013 மார்ச்சில் சைப்ரஸ் வங்கிகள் ஏறக்குறைய இரண்டு வாரம் மூடப்பட்டு, பெரிய வைப்புகளின் ஒரு பகுதி வெட்டப்பட்டபோது உறைத்தது. லெபனானில் நடந்தது இன்னும் கொடுமை. 2019 அக்டோபருக்குப் பிறகு அங்குள்ள வங்கிகள், அதற்கென ஒரு சட்டம்கூட இல்லாமல், மக்களின் டாலர் வைப்புகளை முடக்கிவிட்டன. உள்ளூர் நாணயம் சந்தையில் தன் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இழந்தது. 2022 செப்டம்பரில் பெய்ரூட்டில் ஒரு பெண் பொம்மைத் துப்பாக்கியோடு வங்கிக்குள் போய், சகோதரியின் சிகிச்சைக்காகத் தன் சொந்தச் சேமிப்பைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. டாலரோடு பிணைந்த நாணயத்தைச் சொந்தச் சாவியில் வைத்திருப்பவருக்கு உள்ளூர் வங்கியின் கதவு அடைபட்டால் கவலையில்லை. நாணயத்தின் மதிப்பு சரிந்த நாடுகளில் சாதாரணக் குடும்பங்கள் இத்தகைய நாணயங்களைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம்.

சந்தையின் அமைப்பையும் டீஃபை மாற்றியிருக்கிறது. 2018 நவம்பரில் ஹேடன் ஆடம்ஸ் வெளியிட்ட யூனிஸ்வாப்பில் வாங்குவோரையும் விற்போரையும் பொருத்திவைக்கும் தரகர் இல்லை. இரண்டு நாணயங்கள் ஒரு பொதுக் குளத்தில் கிடக்கும். இரண்டின் அளவையும் பெருக்கினால் வரும் தொகை மாறாமல் இருக்க வேண்டும் என்பதே விதி. ஒரு நாணயத்தை எடுக்க எடுக்க அதன் விலை தானே ஏறும். குளத்தில் நாணயம் போட்டவர்களுக்கு, தொடக்கப் பதிப்புகளில், ஒவ்வொரு மாற்றிலும் 0.3 விழுக்காடு கட்டணம் போய்ச் சேர்ந்தது. இரு பக்கமும் விலை சொல்லிச் சந்தையை ஓட்டி ஆதாயம் பார்ப்பது பெரிய நிதி நிறுவனங்களின் தொழிலாக இருந்தது. சில நூறு டாலர் உள்ளவரும் அதில் பங்கு பெற இது வழி திறந்தது. குளத்தில் போட்ட நாணயங்களின் விலை விகிதம் வெகுவாக மாறினால், சும்மா வைத்திருந்ததைவிடக் குறைவாகவே கையில் மிஞ்சும் என்பதையும் பங்கு பெறுவோர் அறிந்திருக்க வேண்டும்.

வட்டியிலும் இடைவெளி சுருங்குகிறது. இந்தியாவின் பெரிய வங்கிகள் பல, சேமிப்புக் கணக்குக்கு 3 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ வட்டி தருகின்றன. தனிநபர் கடனுக்கு 10 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ வாங்குகின்றன. இடையில் உள்ளது கிளைகளுக்கும் ஊழியர்களுக்கும் வாராக் கடனுக்கும் லாபத்துக்கும் போகிறது. ஆவே போன்ற நெறிமுறையில் வட்டி விகிதம் ஒரு சூத்திரம். வைப்பில் எவ்வளவு பங்கு கடனாகப் போயிருக்கிறதோ அதற்கேற்ப ஏறி இறங்கும். கடன்காரர் கட்டும் வட்டியில் ஒரு சிறு பகுதி போக, மீதி வைப்பாளருக்கே சேரும்.

வேகமும் செலவும் இடத்தைப் பொறுத்தவை. உள்நாட்டில் யூபிஐ வழியே இரவு பகல் பாராமல் நொடியில், கட்டணமில்லாமல் பணம் அனுப்பும் இந்தியருக்கு டீஃபையின் வேகம் பெரிதாகத் தோன்றாது. எல்லை தாண்டினால் நிலைமை வேறு. 200 டாலரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்ப ஆகும் உலகச் சராசரிச் செலவு 6 விழுக்காட்டுக்கும் மேல் என்று உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. 2030-க்குள் இதை 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. வெளிநாட்டில் உழைத்து வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் இந்த வெட்டு சிறிதல்ல. டீஃபையிலும் 2021 வாக்கில் எத்தீரியத்தின் ஒரு நாணய மாற்றுக்கே சில நாள்களில் 50 டாலருக்கும் மேல் கட்டணம் போனது. ஏழைக்கு உதவும் என்று அப்போது பேசியதில் பொருளே இல்லை. 2024 மார்ச்சில் வந்த மேம்பாட்டுக்குப் பின் துணை வலையமைப்புகளில் அது சில சென்ட்டுகளாகக் குறைந்தது. ஆனால் கையில் கிடைத்த நாணயத்தை ரூபாயாகவோ வேறு உள்ளூர்ப் பணமாகவோ மாற்றும் செலவு இன்னும் தனியே இருக்கிறது.

இனி மறுபக்கம். நிரலில் பிழை இருந்தால் விதியே பிழையாகிவிடும். 2016 ஜூனில் 'தி டாவோ' என்ற கூட்டு முதலீட்டு நிரலின் ஓட்டை வழியே சுமார் 36 லட்சம் ஈத்தர் வழித்தெடுக்கப்பட்டது. பேரேட்டையே இரண்டாகப் பிளந்துதான் அதைச் சரிசெய்தார்கள். நிரல் சரியாக இருந்தாலும் சாவிகள் திருடர் கையில் சிக்கினால் பணம் போய்விடும்: 2022 மார்ச்சில் ரோனின் என்ற வலையமைப்பிலிருந்து இப்படி 60 கோடி டாலருக்கும் மேல் திருடப்பட்டது. வட கொரிய இணையக் கும்பலே காரணம் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை அறிவித்தது. 2022 மே மாதத்தில் டெர்ரா என்ற நாணயம் சரிந்தபோது சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு அழிந்தது. அதன் மேல் இயங்கிய ஆங்கர் என்ற நெறிமுறை, வைப்புக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வட்டி கொடுத்துவந்தது. அந்த வட்டி கடன்காரர்களிடமிருந்து முழுமையாக வரவில்லை, இருப்பு கரைகிறது என்பது பேரேட்டில் எல்லோருக்கும் தெரியும்படியே இருந்தது. பார்த்தவர்கள் குறைவு.

தோல்வி வந்தாலும் அதன் சுமை யார் மேல் விழுகிறது என்பதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. 2020 மார்ச் 12 அன்று ஈத்தரின் விலை ஒரே நாளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. வலையமைப்பு நெரிசலில் மேக்கரின் ஏலங்கள் சிலவற்றில் போட்டியே இல்லாமல், ஈடுகள் காசில்லாமல் கைமாறின. கடன் வாங்கியிருந்த பலர் ஈட்டை முழுவதுமாக இழந்தார்கள். அது பெரிய அநீதி. ஆனால் நெறிமுறையில் விழுந்த பள்ளத்தை நிரப்ப அரசுப் பணம் வரவில்லை. மேக்கரின் பங்கு போன்ற நாணயத்தைப் புதிதாக அச்சிட்டு விற்றே நிரப்பினார்கள். அதன் சுமை உரிமையாளர்கள் மேல் விழுந்தது. 2008-இல் அமெரிக்கா நிதி நிறுவனங்களை மீட்க 70,000 கோடி டாலர் வரை பொதுப் பணத்துக்கு அனுமதி அளித்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வங்கியிலிருந்து டீஃபை முழுமையாக விடுபட்டதாகவும் சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் சிலிக்கன் வேலி வங்கி மூழ்கியபோது, யூஎஸ்டிசி நாணயத்தின் இருப்பில் 330 கோடி டாலர் அந்த வங்கியில் இருந்தது. ஒரு டாலராக நிற்க வேண்டிய நாணயம் சில மணி நேரம் 90 சென்ட்டுக்கும் கீழே போனது. அதை நம்பியிருந்த நெறிமுறைகளும் ஆடின. அதோடு, ஈடு இல்லாதவருக்கு டீஃபை பெரும்பாலும் கடன் தராது. மாணவரின் கல்விக் கடன், சிறு வியாபாரியின் முதலீட்டுக் கடன் ஆகியவை ஒருவரின் எதிர்காலத்தை நம்பிக் கொடுப்பவை. அந்த நம்பிக்கையை நிரலாக எழுதும் வழி இன்னும் பிடிபடவில்லை. இந்த இடத்தில் வங்கியும் மகளிர் குழுவும் கூட்டுறவுச் சங்கமுமே முன்னே நிற்கின்றன.

இந்தியாவில் கிரிப்டோ சொத்து வைத்திருப்பது குற்றமல்ல. கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என்று 2018-இல் ரிசர்வ் வங்கி விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் இதில் கிடைக்கும் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. டீஃபையில் அது இல்லை. ரகசியச் சாவி தொலைந்தால் மீட்டுத் தரவும் யாரும் இல்லை. ஆகவே இதில் இறங்க விரும்புவோர் குடும்பச் செலவுக்கும் அவசரத்துக்கும் வேண்டிய பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு, இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையோடு மட்டும் தொடங்க வேண்டும். பணம் போடும் முன் அந்த நெறிமுறையின் பேரேட்டைத் திறந்து படிக்க வேண்டும்.