351-வது யூனிட்

தீபகற்ப மலேசியாவில் வீட்டு மின்கட்டணம் 2025 ஜூலை 1 முதல் புதிய முறையில் கணக்கிடப்படுகிறது. மாதம் 1,500 யூனிட் வரை எரிசக்தி 27.03 சென், திறன் 4.55 சென், கட்டமைப்பு 12.85 சென் என ஒரு யூனிட்டுக்கு 44.43 சென். இதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை கழிக்கப்படும். 200 யூனிட் வரை அது யூனிட்டுக்கு 25 சென். பயன்பாடு ஏற ஏறக் கழிவு படிப்படியாகக் குறைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமலே போகிறது.

இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. எந்தப் படியில் பயன்பாடு முடிகிறதோ, அந்தப் படியின் கழிவே முழுப் பயன்பாட்டுக்கும் பொருந்தும். 350 யூனிட்டுக்கு 21 சென் கழிவு போக 82.01 வெள்ளி வரும். 351 ஆனால் கழிவு 17 சென்னாக இறங்கி 96.28 வெள்ளியாகிவிடும். ஒரே யூனிட்டுக்கு 14 வெள்ளி! 600-ஐக் கடந்தால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், கூடுதல் யூனிட்டுகளுக்குச் சேவை வரியும், மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் வந்து சேரும். சரிக்கட்டல் சில மாதங்களில் கழிவாகவும் வருவதுண்டு.

ஆகவே மாத நடுவில் ஒருமுறை மீட்டரைப் பார்ப்பது, விளக்கை அணைத்துக்கொண்டே திரிவதைவிடப் பலன் தரும். கடந்த பில்லில் உள்ள அளவை இன்றைய அளவிலிருந்து கழித்தால் போதும். பதினைந்து நாளில் 190 யூனிட் ஓடியிருந்தால் 350 தாண்டப்போகிறது என்று பொருள்.

குறைக்க வேண்டிய இடங்கள் சிலவே. இன்வெர்ட்டர் இல்லாத ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் எட்டு மணி நேர இரவில் 5, 6 யூனிட் எடுக்கும். மாதத்தில் 350-இன் பாதி அதற்கே போய்விடும். 24 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் சுழலவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு நிற்கும்படி டைமர் வைத்தால் பெரிய மாற்றம் தெரியும். சாதாரண மின்விசிறியோ ஒரு யூனிட்டில் 14 மணி நேரம் ஓடும். 3.6 கிலோவாட் குளியல் ஹீட்டர் பத்து நிமிடத்துக்கு 0.6 யூனிட், ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 90. ஐஸ்பெட்டி வாங்கும்போது விலைச்சீட்டைவிட எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பார்க்க வேண்டும். ஐஸ்பெட்டி இரவும் பகலும் ஓடும் பொருள்.

மீட்டரை மெதுவாக ஓடச் செய்து தருகிறேன் என்று வருபவர்களை நம்புவது ஆபத்து. 1990-ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்தின்படி மீட்டரில் கைவைப்பது குற்றம். இணைப்பு துண்டிக்கப்படுவதோடு, இழப்புத் தொகையும் கணக்குக்கு உரியவர் தலையிலேயே விழும். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் கணக்கைக் குடியிருப்பவர் பெயருக்கு மாற்றச் சொல்வது இதற்காகவும்தான்.

பில் சந்தேகமாக இருந்தால், அது மதிப்பீட்டு அளவா, நேரில் எடுத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன்பின் மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலிடம் மீட்டர் சோதனை கேட்கலாம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் எரிசக்தி ஆணையத்திடம் முறையிடலாம். அரசின் இ-காசே பட்டியலில் உள்ள பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவு உண்டு. தோட்டத்து வீடுகளில் இன்னும் இருப்பவர்களுக்கு, போதிய மின்சாரம் தருவது முதலாளியின் சட்டக் கடமை. 1990-ஆம் ஆண்டு குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் அதைச் சொல்கிறது. அது கிடைக்காவிட்டால் புகாரைத் தொழிலாளர் துறையிடம் கொடுக்க வேண்டும்.